இருட்டிலும் நிற்காத பாடம்

கிரைண்டர் பாதி மாவில் நின்றது. மின்சாரம் போய்விட்டது. பர்மாவில், இந்த இன்சீனில் எங்கள் சந்துக்கு மின்சாரம் வரும் நேரத்தைப் பார்த்துத்தான் நான் உளுந்தையே ஊறவைப்பது. காலையில் சந்து முனையில் தோசை போட்டு விற்கிறவளுக்கு மாவு பாதியில் நின்றால் எப்படி இருக்கும்? வாயில் வந்ததைச் சொல்லித் திட்டிக்கொண்டே தீப்பெட்டியைத் தேடினேன். அப்போதுதான் காதில் விழுந்தது. முன்னறையில் என் பெரிய மகள் பர்மியப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் பக்கத்தில் தூங்கிவிட்டாள். வீடு முழுக்கக் கும்மிருட்டு. இவள் மட்டும் நிறுத்தவில்லை. ஒரு சொல் தடுக்கவில்லை, மூச்சு வாங்கவில்லை, பாடம் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

கையில் தீப்பெட்டியோடு அப்படியே நின்றேன். இந்த இருட்டில் எந்த எழுத்தைப் பார்த்துப் படிக்கிறாள்?

இங்கே பிள்ளைகள் படிப்பதென்றால் கத்திப் படிப்பதுதான். பள்ளிக்கூடத்தில் வகுப்பே ஒரே குரலில் கத்தும். சாயங்காலம் வீட்டிலும் அதே போல். எந்த வீட்டுப் பிள்ளை படிக்கிறது, எது ஊர் சுற்றுகிறது என்று சந்தில் இருக்கிற எல்லோருக்கும் காதாலேயே தெரியும். எங்கள் வீட்டுச் சத்தம்தான் சந்திலேயே பெரிது. நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, சத்தம் வருகிறது, படிக்கிறாள் என்று இருந்துவிடுவேன். தோசை வாங்க வருகிறவர்களிடம் பெருமையும் அடித்திருக்கிறேன்.

மெழுகுவத்தியை ஏற்றி அவள் முன்னால் உட்கார்ந்தேன். பக்கத்தைக் கையால் மறைத்து ஒரே ஒரு சொல்லை மட்டும் காட்டி, இது என்ன என்று கேட்டேன். அவள் உதடு அசைந்தது. பாடத்தை முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு, விரலை நகர்த்தி நகர்த்தி, அந்த இடத்துக்கு வந்ததும் சொல்லைச் சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள். அவளுடைய அறிவியல் புத்தகத்தில் இன்னும் நடத்தாத ஒரு பக்கத்தைப் பிரித்து வைத்தேன். முணுமுணுப்பும் இல்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு எத்தனை நாளாக என்னைச் சுற்றி வந்திருக்கிறாள்! அவளைச் சொல்லி என்ன, சோறு போட்டதே நான்தான்.

மறுநாள் தோசைக்கல்லைக் கழுவாமல் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். சயாமா, அதுதான் அவளுடைய வகுப்பு ஆசிரியை, கன்னத்தில் தனாக்கா மரச்சாந்து பூசின சின்ன வயதுப் பெண். நான் சொன்னதை நம்பவில்லை. "அவள்தானே வகுப்புக்கே முன்னால் நின்று சொல்கிறாள், மற்றவர்கள் அவளுக்குப் பின்னால் சொல்கிறார்கள்" என்றார் பர்மிய மொழியில். பிறகு அவளைக் கூப்பிட்டு நடத்தாத பக்கத்தைக் காட்டினார். அவர் முகமும் மாறிவிட்டது. பாவம், நாற்பது பிள்ளைகளின் சத்தத்துக்குள் எந்த வாய் படிக்கிறது, எந்த வாய் ஒப்பிக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மாதக் கடைசியில் புதிதாக ஒரு பக்கம் தருகிறேன், அதைப் படிக்காவிட்டால் வாசிப்பு நேரத்துக்கு மட்டும் இரண்டாம் வகுப்பில் உட்கார வைக்க வேண்டியிருக்கும் என்றார். இரண்டாம் வகுப்பில்தான் சின்னவள் இருக்கிறாள்.

"தங்கச்சி கிளாஸ்ல உக்கார வெச்சா நான் ஸ்கூலுக்கே போகமாட்டேன்" என்றாள் பெரியவள், வீட்டுக்கு வந்ததும். அழவில்லை. அதுதான் எனக்குப் பயம். நாலு வயதில் ஒருநாள் முட்டை வேண்டாம் என்றாள், இன்றுவரை முட்டையைத் தொட்டதில்லை. பிடிவாதத்தில் அப்படியே என்னைக் கொண்டிருக்கிறாள். இவள் போகமாட்டேன் என்றால் போகமாட்டாள்.

எனக்கோ எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட அவசரம். மூன்றே வாரம் இருந்தது. கண்ணில் பட்டதையெல்லாம் படி என்றேன். தேத்தூள் பொட்டலத்தைப் படி, சோப்பு உறையைப் படி, பஸ் பலகையைப் படி. ஞாயிற்றுக்கிழமை, ஊரைச் சுற்றி வருகிற வட்ட ரயிலில் நகரத்துக்குப் போனோம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பெயர்ப்பலகையைக் காட்டினேன். மூன்றாவது ஸ்டேஷனில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திரும்பி வருகிறவரை திறக்கவில்லை. எதிர்சீட்டு ஆள் பிள்ளைக்குத் தலைசுற்றலா என்று கேட்டார். நகரத்தில் வாங்கின படக்கதைப் புத்தகத்தையும் அவள் படத்தைப் பார்த்துத் தானாகவே ஒரு கதை கட்டிச் சொல்லிவிட்டாள். நல்ல கதைதான். புத்தகத்தில் இருந்த கதை அது இல்லை.

புதன்கிழமை அவள் கையில் அடித்துவிட்டேன். கரண்டியால். லேசாகத்தான் என்று அப்போது சொல்லிக்கொண்டேன், லேசாக இல்லை. அவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"நீ கேட்டுக்கிட்டே இருந்தா வாய்க்குத் தெரிஞ்சதுதாம்மா வருது. எழுத்து வரமாட்டேங்குது."

"பின்ன நான் என்னடி செய்ய?"

"நீ வெளிய போ."

வெட்கமாக இருந்தது. கோபமும் இருந்தது. கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே போனேன்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அரைமணி நேரம் நான் சந்தில் நின்றேன். சும்மா நிற்பது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியாது. தண்ணீர்க் குடத்தைத் திருப்பி வைப்பேன். காய்ந்த துணியை மறுபடி உதறிப் போடுவேன். சந்து முனையைத் தொட்டுத் தொட்டுத் திரும்புவேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. சத்தம் இருந்தபோது ஏமாந்தேன், இப்போது ஏமாறக்கூட வழியில்லை. பக்கத்து வீட்டு பர்மிய அம்மா எட்டிப் பார்த்து, பிள்ளைக்குக் காய்ச்சலா, சத்தமே காணோமே என்றார். மனசுக்குள் படிக்கிறாள் என்றேன். "மனசுக்குள் படித்தால் உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அது எனக்கு மட்டும் தோன்றாமலா இருந்தது?

லைங் தாயாவில் தொழிற்சாலை வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர், நான் வெளியே நிற்பதைப் பார்த்து, "ஒன்னைய வெளிய தள்ளிக் கதவைச் சாத்திட்டாளா?" என்று சிரித்தார். சிரிக்கிற நிலையில் நான் இல்லை. இரண்டாவது வாரம் பொறுக்க முடியாமல் ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். மகள் குப்புறப் படுத்துக்கொண்டு சுவரில் போகிற பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தகம் ஒரு பக்கம் கிடந்தது. உள்ளே பாய்ந்திருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு சந்து முனைவரை நடந்து திரும்பினேன்.

அதற்கு மூன்று நாள் கழித்து அவளே வாசலுக்கு வந்தாள். கலங்கரை விளக்கத்துக்குப் பர்மியர் சொல்லும் சொல்லைச் சொல்லி, அப்படின்னா என்னம்மா என்றாள். கடலில் வருகிற கப்பலுக்கு வழி காட்டுகிற விளக்கு என்றேன். ஓ என்று உள்ளே போய்விட்டாள். அந்தச் சொல்லை நான் ஒருநாளும் அவளிடம் பேசியதில்லை. நகரத்தில் வாங்கின படக்கதையில்தான் இருந்திருக்க வேண்டும். எழுத்தைக் கூட்டித் தானே படித்திருக்கிறாள்! ஆனால் ஒரு சொல் ஒரு பக்கமாகிவிடுமா?

மாதக் கடைசி நாளில் பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே நின்றேன். பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு கூரையைத் தூக்கிக்கொண்டிருந்தது. சயாமா அவளை மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒரு தாளைக் கொடுத்தார். அவள் படித்தாள். ஐயோ, எவ்வளவு மெதுவாக! இருட்டில் குதிரையாக ஓடின பிள்ளை, பட்டப்பகலில் ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவிப் போனாள். நாலாவது வரியில் நின்றேவிட்டாள். எனக்கு அந்தச் சொல் தெரியும். தாள் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வாக்கியம் எங்கே போகிறதென்று தெரியும். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயை மூடினேன்.

"இது எனக்குத் தெரியாது, சயாமா" என்றாள். அடுத்த சொல்லுக்குப் போய், கடைசி வரைக்கும் படித்தாள்.

சயாமா தாளை வாங்கி மடித்தார். "இந்த வருஷம் முழுக்க இந்த வகுப்பில் யாரும் என்னிடம் தெரியாது என்று சொன்னதில்லை" என்றார். "போ, உன் இடத்தில் உட்கார்."

மணி அடித்ததும் வெளியே வந்தவள், என்னை ஜன்னலடியில் பார்த்து நின்றுவிட்டாள். முகம் சுருங்கியது.

"நீ கேட்டுக்கிட்டா இருந்தே?"

ஒவ்வோர் எழுத்தையும் கேட்டிருந்தேன். "எங்க கேக்குது? பக்கத்து கிளாஸ் போட்ட சத்தத்துல ஒண்ணும் காதுல விழலை."

என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு புத்தகப் பையை என் தோளில் மாட்டிவிட்டாள்.

"அப்ப வீட்டுக்குப் போயி ஒனக்குப் படிச்சுக் காட்டறேன். நடுவுல சொல்லிக் குடுக்கக் கூடாது."

சரி என்றேன்.