தங்கச்சியும் வாசித்த பதிவு

போன டிசம்பர், நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய வாரம், மழை விட்டிருந்த ஒரு பின்னேரம், பெரியகல்லாற்றில் எங்கள் வீட்டு மாமரத்தில் கலர் பல்புகளைக் கட்டினேன். அம்மா இல்லாத முதல் நத்தார். மரம் முழுக்க வெளிச்சம் வந்ததும் மனம் தாங்கவில்லை. கடைசி நாளில் அம்மா வாசலைப் பார்த்தபடி தங்கச்சியின் பெயரையே சொல்லிக்கொண்டிருந்ததை முகநூலில் எழுதினேன். நிறையப் பேர் ஆறுதல் சொன்னார்கள். எனக்கும் அது இதமாகத்தான் இருந்தது.

பிறகு குவைத்திலிருந்து தங்கச்சி அழைத்தாள். அங்கே வீட்டு வேலை செய்கிறாள். லீவு கிடைக்காததால் அம்மாவின் அடக்கத்துக்கு அவள் வரவில்லை. தாங்கமாட்டாள் என்று பயந்து, அம்மா நித்திரையிலேயே போய்விட்டதாகத்தான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

"அக்கா, அம்மா என்னைத் தேடினாவா?"

"ஓம்."

"ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கீங்க. எனக்கு ஏன் சொல்லல்ல?"

"அந்தப் பதிவை அழிச்சுடுறன்" என்றேன்.

"வேணாம் அக்கா. வேற என்னெல்லாம் சொன்னா எண்டு சொல்லுங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுதாள். ஆனாலும், "இன்னும் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து, அம்மா அவளைத் தேடியதை அவளிடமிருந்தே மறைத்துவிட்டேன். முதலில் என் வாயால் கேட்டிருக்க வேண்டியதை அவள் ஊரோடு சேர்ந்து வாசித்தாள். அது இன்றும் என்னைச் சுடுகிறது.