பூணூலில் தொங்கிய இயர்போன்

என் அத்திம்பேர் வெங்கடரமணனுக்குக் காது இரண்டுதான். அந்த இரண்டுக்கும் ஒரே வருஷத்தில் ஏழு இயர்போன்கள் பலியாயின. ஏழையும் எறியாமல் ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்திருந்தார். செத்ததை எதற்குச் சேர்த்து வைக்கிறீர்கள் என்று கேட்டால், எதனால் செத்தது என்று தெரிய வேண்டாமா என்பார். என்னைக் கேட்டால், இவர் கையில் அகப்பட்டதால் செத்தது. நான் ஸ்ரீநாத், இவருடைய மச்சினன், ஜலஜா அக்காவின் தம்பி. மயிலாப்பூரில் இவர்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். நான் செய்த முதல் தப்பு அதுதான்.

அத்திம்பேர் தொலைபேசித் துறையில் முப்பது வருஷம் பழுது பிரிவில் இருந்தவர். லைனில் இரைச்சல் வந்தால், மழைத் தண்ணீர் இறங்கியதா, எலி கடித்ததா என்று ரிசீவரைக் காதில் வைத்தே சொல்லிவிடுவார். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்ததும் காதுக்கு வேலை இல்லாமல் போயிற்று. சும்மா இருக்குமா அது? செய்தி வாசிப்பவரின் ழகரம், கல்யாண மண்டபத்து மைக்கின் கரகரப்பு, எதிர்வீட்டுப் பாட்டு வகுப்பில் விலகிய சுருதி என்று ஊரில் உள்ள பிழையையெல்லாம் பொறுக்க ஆரம்பித்தார். காதில் விழாதது அக்கா சொல்வது ஒன்றுதான். வாழைக்காய் வாங்கி வரச் சொல்லுவாள், 'ம்' என்பார், வெறுங்கையை வீசிக்கொண்டு வருவார். கேட்டால், நீ எப்போது சொன்னாய் என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்கா கே.கே. நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அடையாறில் புத்தகங்களை ஒலிப்பதிவு செய்து விற்கும் ஒரு கம்பெனிக்கு அவள் குரல் பிடித்துப் போயிற்று. வீட்டிலேயே பதிவு. சின்ன அறையில் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் எதிரே உட்கார்ந்து வாசிப்பாள். உள்ளே அடுக்கியிருக்கும் புடவைகள் எதிரொலியை விழுங்கிவிடுமாம். ஃபேன் போடக்கூடாது. வேர்த்து ஊற்ற ஊற்ற ஐந்நூறு பக்க நாவலை வாசித்து முடித்தவள் அவள். அதைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுக் கேட்டு, பக்கம், வரி, பிழை, குறிப்பு என்று நாலு கட்டம் போட்ட தாளில் எழுதித் தருவது அத்திம்பேர் வேலை. தட்டச்சு செய்து கம்பெனிக்கு அனுப்புவது என் தலையெழுத்து.

ஆக, வாழ்நாளெல்லாம் காதில் வாங்காத குரலை மனுஷர் இப்போது ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். புருஷன் காதில் ஏற வேண்டுமென்றால் பெண்டாட்டி ரெக்கார்ட் ஆக வேண்டும் போலிருக்கிறது என்று அக்கா சிரித்துக்கொண்டே சொல்வாள். அதுவும் அவர் காதில் விழாது, இயர்போன் மாட்டியிருப்பாரே.

வினை இரண்டாவது புத்தகத்தில் வந்தது. அன்றைக்கு அவர் இயர்போனில் ஒரு காது செத்து, மற்றது கரகரத்துக்கொண்டிருந்தது. இவரும் புதுசு வாங்கச் சோம்பி அதிலேயே கேட்டு, சரி என்று அனுப்பிவிட்டார். புத்தகம் வெளிவந்த பிறகுதான் தெரிந்தது, கதாநாயகி கண்ணை மூடுகிற இடத்தில் பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்று விசில் விட்டிருக்கிறது. கம்பெனியிலிருந்து வர்ஷினி என்ற பெண் போன் செய்தாள். மரியாதையாகத்தான் பேசினாள். அடுத்த புத்தகத்திலும் இப்படி ஒன்று தப்பிவிட்டால் வேறு குரல் பார்க்க வேண்டியிருக்கும் என்றாள். அக்கா யாரையும் திட்டவில்லை. இரண்டு நாள் அந்த பீரோவைத் திறக்காமல் இருந்தாள். அத்திம்பேருக்கு அது உறைத்துவிட்டது. "தப்பு பண்ணினது என் காது, வேலை போறது அவளுக்கு. இது என்னடா நியாயம்?" என்றார் என்னிடம்.

உழைக்கிற இயர்போன் ஒன்று வாங்கியே தீருவது என்று கிளம்பினார். பெங்களூரில் இருக்கும் பிள்ளை நிரஞ்சன் ஒயரே இல்லாததை அனுப்பி வைத்தான். மூன்றாம் நாள் அதில் ஒரு காது எங்கேயோ உருண்டு போயிற்று. காதை முழுக்க மூடுகிற பெரியதை நான் சொன்னேன். இந்த வெயிலில் காதுக்குக் கம்பளி போர்த்தச் சொல்கிறாயா என்று என்மேல் விழுந்தார். கடைசியில் என் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டு திருவல்லிக்கேணிக்கு விடச் சொன்னார். ஒரு கையில் மஞ்சள் பை, இன்னொரு கையில் அரைக் கிலோ துவரம்பருப்புப் பொட்டலம். பருப்பு எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அப்துல் வஹீத் பாயின் கடை திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் ரோட்டில் நிற்க வேண்டிய அளவு. பாய் ஏழு இயர்போன்களையும் மேஜைமேல் வரிசையாகப் படுக்க வைத்துப் பார்த்தார். ஏழும், போனில் செருகுகிற பின்னிலிருந்து நாலு விரற்கடை தள்ளி, ஒரே இடத்தில் ஒடிந்திருந்தன. எங்கே மாட்டி வைப்பீர்கள் என்று கேட்டார். அத்திம்பேர் கூச்சமே இல்லாமல் சட்டையில் இரண்டு பொத்தானைக் கழற்றினார். உள்ளே பூணூலில் பீரோ சாவி, வாசல் சாவி, ஒரு ஊக்கு, அதோடு எட்டாவது இயர்போன், இரட்டை முடிச்சுப் போட்டு. பூணூலில் சாவி மாட்டுகிறவர்கள் எங்கள் பக்கம் எத்தனையோ பேர் உண்டு. இயர்போன் மாட்டிய மகானை அன்றுதான் பார்த்தேன். வீட்டில் சட்டை போடுவதில்லை, சட்டைப் பை இல்லாமல் வேறெங்கே வைப்பதாம்? இது அவர் வாதம்.

பாய் சிரிக்காமல் சொன்னார். "சார், இது தானா சாவல. நீங்க தூக்குல போட்டுக்கினு கீறீங்க."

பிறகு பொறுமையாக விளக்கினார். நூல் பின்னிய ஒயராக இருக்க வேண்டும், சிக்கினாலும் மடிந்து ஒடியாது. பின் நேராக நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, முழங்கை மாதிரி மடங்கியிருக்க வேண்டும். ஒயரும் பின்னும் சேருகிற கழுத்தில் கெட்டி ரப்பர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, ஒயரைக் காதிலிருந்து தனியாகக் கழற்ற வர வேண்டும். ஒயர் போனால் ஒயரை மட்டும் மாற்றலாம், வேர்வை இறங்கினால் கழற்றித் துடைக்கலாம். பாட்டு கேட்கவா, பேச்சு கேட்கவா என்று கேட்டார். பேச்சு என்றதும், டம்டம் என்று இடிக்கிறதெல்லாம் வேண்டாம், அதில் சின்னச் சத்தம் அமுங்கிப்போகும் என்று நாலைந்தை ஒதுக்கினார். காதுக்குள் போகிற ரப்பரை மாட்டிப் பார்த்ததில் அத்திம்பேரின் இடது காதும் வலது காதும் ஒரே அளவில்லை என்பது அறுபத்தொரு வயதில் தெரியவந்தது. இடதுக்கு நடு அளவு, வலதுக்குச் சின்னது.

அப்புறம்தான் பருப்பு வெளியே வந்தது. பாய் எடுத்துக் கொடுத்த இயர்போனின் ஒயரில் அந்தப் பொட்டலத்தைக் கட்டித் தொங்கவிட்டு, நூறு எண்ணினார் அத்திம்பேர். கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. எனக்கு மானம் போயிற்று. பாய்க்கு மட்டும் ஒரே சந்தோஷம், தன் சரக்கு தாங்கிவிட்டதே என்று. ஜிப் வைத்த ஒரு சின்ன ரெக்ஸின் பையை இனாமாகக் கொடுத்து, முடிச்சு மட்டும் போடவே கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அத்திம்பேர் சொன்ன சொல் தவறாதவர். முடிச்சே போடவில்லை. நாலு விரலில் சுற்றிப் பைக்குள் வைத்து, பையைப் பூணூலில் மாட்டிக்கொண்டார்.

இரண்டு மாதம் ஒரு குறையுமில்லை. மூன்றாவது புத்தகம் முடிகிற சமயம் ஆவணி அவிட்டம் வந்தது. அன்று மாலை ஆறு மணிக்குள் பிழைப் பட்டியல் போய்ச் சேர வேண்டும். இன்னும் இரண்டு அத்தியாயம் பாக்கி. காலையில் பூணூலை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் தாராளமாக முடியும் என்று இருவரும் மண்டபத்துக்குப் போனோம். அங்கே வாத்தியார் மைக்கில் மந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார், அடுத்த கும்பல் வாசலில் நிற்கிறதே. எல்லாரும் மந்திரம் சொல்ல, அத்திம்பேர் மட்டும் கண்ணை மூடி வாத்தியாரின் உச்சரிப்புப் பிழைகளை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். புதுப் பூணூல் ஏறிற்று. பழசை ஜலத்தில் விட வேண்டும். வாளி வரிசையில் நகர்ந்து வந்தது. என் பக்கம் திரும்பி "ஒன்பது" என்று சொல்லிக்கொண்டே இவரும் பழசைக் கழற்றி உள்ளே போட்டார். தொப்பென்று சத்தம் வந்தது. ஊரில் உள்ள சத்தமெல்லாம் கேட்கிற காதுக்கு அது மட்டும் கேட்கவில்லை.

வீட்டு வாசலில் வந்து மார்பைத் தடவிப் பார்த்தபோதுதான் முகம் வெளுத்தது. வாசல் சாவி, பீரோ சாவி, இயர்போன், எல்லாம் பூணூலோடு போய்விட்டன. அக்கா கதவைத் திறந்தாள். போனில் சத்தமாக வைத்தே கேட்டுவிடலாம் என்று ஒரு பக்கம் முயற்சி செய்தோம். தெருவில் ஆட்டோ, மாடியில் மிக்ஸி; இதில் எங்கே சின்னச் சத்தம் பிடிக்கிறது? தெருமுனைக் கடையில் ஏதாவது ஒன்று வாங்கி வரட்டுமா என்றேன். அந்த மாதிரிச் சரக்கை நம்பித்தானே குக்கர் விசிலைக் கோட்டை விட்டேன் என்றார். அக்கா இலையைத் துடைத்துக்கொண்டே, போனால் போகிறது, இதோடு நிறுத்திக்கொள்கிறேன் என்றாள். அன்றைக்கு அவர் 'ம்' என்று சொல்லவில்லை. அவளை ஒரு தடவை பார்த்துவிட்டுப் படியிறங்கி ஓடினார்.

பஞ்சகச்சத்தோடு இருவரும் ஸ்கூட்டரில் மறுபடியும் மண்டபம். வாளி பின்கட்டில் கிணற்றடியில் இருந்தது, அதிர்ஷ்டவசமாக இன்னும் கொட்டவில்லை. நூற்றுக்கும் மேல் பூணூல்கள் சிக்கலாகக் கிடந்த வாளிக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினோம். வாத்தியார் காபி டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். ஒருதரம் ஜலத்தில் விட்டதைத் திருப்பி எடுக்கலாமா என்று அத்திம்பேருக்குச் சந்தேகம் வந்து கையை வெளியே எடுத்துவிட்டார். நேரம் காலம் தெரியாத சந்தேகம்.

"பூணூலைத்தானே விட்டேள், சாவிக்கும் சேர்த்தா மந்திரம் சொன்னேள்? எடுத்துக்கோங்கோ" என்றார் வாத்தியார்.

ஒன்பது பிழையையும் அந்த நிமிஷமே மன்னித்துவிட்டார் அத்திம்பேர். பை கிடைத்தது. ஜிப் வழியாகத் தண்ணீர் இறங்கியிருந்தது. வஹீத் பாய்க்குப் போன் போட்டோம். அரிசியில் புதைக்காதே, அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதே, ரப்பரை எடுத்துவிட்டு ஒயரையும் காதையும் தனித்தனியாகக் கழற்றித் துடைத்து மூன்று மணி நேரம் ஃபேனுக்கு அடியில் வை, அதுவரை மாட்டிப் பார்க்காதே என்று கட்டளையிட்டார். துண்டை விரித்து, பாகம் பாகமாகப் பரப்பி, குழந்தைக்கு ஜுரம் கண்டவர் மாதிரி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார் அத்திம்பேர். வடை பாயசம் ஆறிப்போயிற்று. அக்கா இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டு, அவளும் சாப்பிடாமல் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

இரண்டரை மணிக்கு மாட்டினார். வலது காது பேசிற்று. இடது காது கொஞ்சம் கரகரத்தது, பிறகு அதுவும் பேசிற்று. கையை உயர்த்திக் காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கியது, அதை இவரிடம் சொல்ல மாட்டேன்.

ஐந்தே முக்காலுக்குத் தாளை என் மடியில் வைத்தார். இயர்போனைக் கழற்றி நாலு விரலில் சுற்றி மேஜைமேல் வைத்துவிட்டு நேரே சமையலறைக்குப் போனார். நான் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். 'தூரத்தில் நாய் குரைப்பு', 'புடவை உரசல்' என்று வரிசையாகப் போயிற்று பட்டியல். கடைசி வரியில், 'புத்தகம் முடிந்தபின் இருபது விநாடி, புத்தகத்தில் இல்லாத பேச்சு' என்று இருந்தது. என்ன பேச்சு என்று நானும் மாட்டிக் கேட்டேன். பதிவை நிறுத்த மறந்திருக்கிறாள் அக்கா. பீரோ கதவு கிறீச்சிடுகிறது. பிறகு தனக்குத்தானே பேசிக்கொள்கிறாள்.

"ஆச்சு. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம் கழிச்சு, நான் பேசறதை ஒரு வார்த்தை விடாமக் கேக்கறார் மனுஷர். இன்னும் ரெண்டு புஸ்தகம் குடுத்தா நன்னாருக்கும்."

சமையலறையில் அத்திம்பேர் அக்காவிடம், நாளைக்குக் கறிகாய் என்னென்ன வேண்டும், சொல்லு, எழுதிக்கொள்கிறேன் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் சொல்லிக்கொண்டே போனாள், அவர் நடுவில் குறுக்கிடவே இல்லை. ஆறு மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. தாளில் குறிப்புக் கட்டத்தில் அவர் எழுதியிருந்ததை அப்படியே தட்டச்சு செய்து அனுப்பினேன்: 'பிழை இல்லை. ஆனாலும் நீக்கவும்.'