உடையப்பன் வீட்டுச் சடங்கு

நாகல் நகரில் எங்கள் வீட்டுக்கும் உடையப்பன் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆட்டோக்காரர். காலையில் ஹாரன் அடித்தால் போதும், தலையில் ஈரத் துண்டோடு ஓடிவரும் அம்மாமார்கள் தங்கள் பெண்பிள்ளைகளை அவர் வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விடுவார்கள். அவ்வளவு நம்பிக்கை.

அவர் மனைவி மணிமேகலை டெங்குக் காய்ச்சலில் போனபோது மகள் கீர்த்தனாவுக்கு நாலு வயது. அதுவரை ரெட்டியார்சத்திரத்திலிருந்து காய்கறி லோடு அடித்துக்கொண்டிருந்தவர், பிள்ளையைத் தனியாக விட முடியாது என்று அந்த வேலையைத் தலைமுழுகிவிட்டு ஆட்டோவுக்கு வந்தார். இரண்டாம் கல்யாணம் பண்ணச் சொல்லிச் சொந்தக்காரர்கள் உயிரை எடுத்தார்கள். "வாரவ எம் மகளப் பாப்பாளோ என்னமோ, நானே பாத்துக்கிறேன்" என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டார்.

சொன்னபடி பார்த்துக்கொள்ளவும் செய்தார். பேன் பார்ப்பார், சடை பின்னுவார், கிழிந்த பாவாடைக்கு ஊசி நூல் எடுத்து உட்காருவார். பள்ளியில் கூட்டம் என்று போனால் டீச்சர்கள், "வீட்ல லேடீஸ் யாரும் இல்லையா சார்?" என்று கேட்பார்களாம். இவரும் சிரித்துக்கொண்டே, "எல்லாம் நான்தாங்க" என்று சொல்லிவிட்டு வருவார். நானாக இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

கீர்த்தனா எட்டாம் வகுப்புக்கு வந்ததும் ஒருநாள் என் வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "யக்கா, புள்ளைக்கு அந்தச் சமயத்துக்கு என்னென்ன வாங்கி வைக்கணும்?" என்று கேட்டார். சொன்னேன். கூச்சப்படாமல் மெடிக்கலுக்குப் போய் எல்லாம் வாங்கிவந்து, மகளையும் உட்காரவைத்துப் பக்குவமாகச் சொல்லிவைத்தார். உளுந்தங்களி கிண்டக்கூட என்னிடம் கற்றுக்கொண்டார். என் வீட்டுக்காரருக்கு எங்கள் மகள் எந்த வகுப்பு படித்தாள் என்பதே கடைசிவரை தெரியாது.

போன ஆவணியில் கீர்த்தனா வயதுக்கு வந்தாள். "ஊரக் கூட்ட வேணாம், தலைக்குத் தண்ணி ஊத்தி விட்ருவோம். நான் இருக்கேன்ல" என்று படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டால்தானே! "இவ அம்மா இருந்தா எப்புடி நடந்திருக்குமோ அப்புடி நடக்கணும்க்கா. தாயில்லாத புள்ளன்னு ஒரு கொறை வரக் கூடாது" என்றார். தாடிக்கொம்பிலிருக்கும் தாய்மாமன் சடையாண்டிக்கு அவரே போன் போட்டார். மறுநாள் ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

மாமன் பச்சை ஓலையில் குச்சு கட்ட, பெண்கள் கீர்த்தனாவை அதற்குள் உட்காரவைத்தார்கள். தண்ணீர் ஊற்றும்வரை ஆண்கள் யாரும் பெண் முகத்தைப் பார்க்கக் கூடாதென்று பெற்ற அப்பனை வாசலுக்குத் தள்ளினார்கள். விடிந்ததும் அவர் நல்லெண்ணெய் மணக்க மணக்கக் களி கிண்டிக்கொண்டு வந்தார். சடையாண்டி மனைவி பொன்னழகு அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "இதெல்லாம் ஆம்பள செய்யற வேலையாண்ணே?" என்று புதிதாக அடுப்பைப் பற்றவைத்தாள். குச்சுக்குள்ளிருந்து, "அப்பா கிண்டுனதக் குடுங்கத்தே" என்று குரல் வந்தது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடையப்பன்தான், "விடுங்கக்கா, கொஞ்ச நாளுதான" என்றார்.

சடங்கு மண்டபத்தில் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகு சடையாண்டி மெல்ல ஆரம்பித்தார்.

"மாப்ளே, பெரிய மனுசி ஆயிட்டா. பொம்பள இல்லாத வீட்ல இனிமே எப்புடி? எங்க கூட இருக்கட்டும். அங்கனயே பள்ளிக்கூடம் இருக்கு."

"இத்தன வருசம் நான்தான வளத்தேன் மச்சான்?"

"அப்பச் சின்னப்புள்ள. இப்ப அப்புடியா?"

கீர்த்தனா பட்டுச்சேலையோடு எழுந்தாள். "நான் எங்கப்பா கூடத்தான் இருப்பேன்" என்றாள். உடையப்பன் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் உயிர் வந்தது. உடனே பொன்னழகு, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்:

"அண்ணனக் குத்தம் சொல்லல. டிவியில பேப்பர்ல என்னென்னமோ வருது. ஊரு வாயி சும்மா இருக்குமா?"

"வாயக் கழுவு தாயி! தெருப் புள்ளைக அம்புட்டும் இவரு வண்டியிலதான் போகுது!" என்று கத்தினேன். "நீங்க வெளியாளு, பேசாதீங்க" என்று என் வாயை அடைத்தார்கள்.

எல்லாரும் உடையப்பனைப் பார்த்தார்கள். "என் மகள், என் வீட்டில்தான் இருப்பாள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எவன் என்ன செய்திருக்க முடியும்? மனுசன் தரையைப் பார்த்துக்கொண்டு, "போயிட்டு வா தாயி" என்றார். பாவி மனுசன்! வேனில் ஏறும்போது கீர்த்தனா அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

வேன் போனதும், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று பிடித்து உலுக்கினேன். "அனுப்ப மாட்டேன்னு நின்னா, ஏன் இம்புட்டுப் பிடிவாதம் பிடிக்கிறான்னு கேப்பாங்கள்லக்கா? அதுக்கு நான் என்னத்தச் சொல்ல?" என்றார். புருசனை இழந்தவள் தனியாக நின்று மகனை ஆளாக்கினால் தெய்வம் என்று கும்பிடுகிறோம். அதே காரியத்தை ஓர் ஆண் செய்தால் அவன் மேல் ஒரு கண் வைக்கிறோம். என்ன நியாயமோ, தூ!

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு நானும் தாடிக்கொம்புக்குப் போனேன். எல்லாருமாகப் பெருமாள் கோவிலுக்குப் போய்விட்டுப் பிராகாரத்தில் உட்கார்ந்தோம். எதிரே பொன்னழகு, தெரிந்த பெண்கள் இரண்டு பேரோடு பேசிக்கொண்டிருந்தாள். நாங்கள் வந்ததிலிருந்து விருந்தாளியிடம் பேசுவதுபோல் அளந்து பேசிய கீர்த்தனா, என்ன நினைத்தாளோ, அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

உடையப்பன் எதிரே இருந்தவர்களைப் பார்த்தார். பிறகு தோளை மெல்ல எடுத்துக்கொண்டு, சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

கீர்த்தனா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"நீங்களுமாப்பா?"

"இல்ல தாயி... எல்லாரும் பாக்குறாங்க..." என்று இழுத்தார்.

அவள் எழுந்துபோய் அத்தை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.