உமர் பாருக் மோந்து பார்த்த கீரை

உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பூச்சிமருந்துக் கடை உமர் பாருக் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். பெட்டிக்கடைக்காரர் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வந்து வழி காட்டுவார். கடையை மச்சினன் மகன் அஸ்லத்திடம் கொடுத்து நாலு வருசமாகிறது. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. திராட்சை, வாழை, கத்தரி, அவரை என்று இந்தப் பள்ளத்தாக்கில் எது காய்த்தாலும், இருபத்தேழு வருசமாக அதற்கு மருந்து எடுத்துக் கொடுத்தவர் அவர்தான்.

அவருடைய சொத்து கடை இல்லை, மூக்கு. போலி மருந்து வந்தால் மூடியைத் திறந்து ஒரு தடவை மோந்து பார்ப்பார். "பாதி தண்ணி, திருப்பி அனுப்பு" என்பார். தோட்டக்காரர்கள் ஒரு கொத்துத் திராட்சையைக் கொடுத்துவிட்டால், என்ன மருந்து அடித்தது, அடித்து எத்தனை நாளாயிற்று, கலவை கூடிப்போனதா குறைந்ததா எல்லாம் சொல்லிவிடுவார். ஒரு நாள்கூடப் பிசகாது. மூக்குப்பொடி போடும் ஆட்களைக் கடைக்குள்ளேயே விடமாட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மூக்கு கொரோனா இரண்டாவது அலையில் போய்விட்டது. பதினோரு நாள் காய்ச்சல். மற்றவர்களுக்குப் பத்து நாளில், ஒரு மாதத்தில் வாசனை திரும்பி வந்தது. இவருக்கு வரவே இல்லை. கடையை ஒப்படைத்ததற்குச் சர்க்கரை வியாதிதான் காரணம் என்று ஊருக்குச் சொன்னார். உண்மை தெரிந்த ஒரே ஆள் மனைவி ரஹ்மத். அதுவும் இவராகச் சொல்லவில்லை. ஒருநாள் அடுப்படியில் கேஸ் கசிந்து வீடே நாறிக்கொண்டிருந்தது. இவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"தெருவே கூடிருச்சு, நீங்க பேப்பர் படிக்கிறீகளா?" என்று சிலிண்டரை அடைத்துவிட்டு வந்த ரஹ்மத், அவர் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

இது இப்படியிருக்க, அடுத்த வருசம் ஊரில் ஒரு குழு கிளம்பியது. முல்லைக்கரை நஞ்சில்லாக் காய்கறித் தன்னார்வலர் குழு. தலைவர் குருசாமி, ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். சுற்றிலும் கண்ணுக்கெட்டின தூரம் வயலும் தோப்பும். நடுவே இவர்கள் மொட்டை மாடியில் பைகளை அடுக்கி, மூட்டை மூட்டையாக மண்ணை மேலே ஏற்றி, தக்காளி நட்டார்கள். வாட்ஸ்அப்பில் நூற்றெண்பத்தாறு பேர். செடி வைத்திருந்தவர்கள் பதினோரு பேர். மற்றவர்கள் காலை வணக்கம் வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் பச்சை டீ சர்ட் உண்டு, பச்சைத் துண்டும் உண்டு. மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்து மீன் அமிலம் தயாரிக்கப் போய், குருசாமியின் சைவ வீட்டில் மூன்று நாள் அவருக்குச் சோறு கிடைக்கவில்லை. மனைவி டிரம்மைத் தெருவில் வைத்துவிட்டார். தலைவர் அதையும் தியாகக் கணக்கில் சேர்த்துப் பேசினார்.

பழைய அரிசி ஆலை ஒன்றின் களத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் சந்தை. விளைந்ததை அங்கே கொண்டுவந்து விற்கலாம், மருந்து அடிக்காததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதை யார் கண்டுபிடிப்பது? குழுவே போய் உமர் பாருக் வீட்டு வாசலில் நின்றது.

"பாய், ஒங்க மூக்கு இருக்கும்போது எங்களுக்கு லேப் எதுக்கு?" என்றார் குருசாமி.

உள்ளிருந்து ரஹ்மத் பாத்திரத்தை ஓசையோடு வைத்தார். இல்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் உமர் பாருக்கும் வாயெடுத்தார். ஆனால் கடையை விட்டு இறங்கியதிலிருந்து அவரைத் தேடி ஆறேழு பேர் சேர்ந்தாற்போல வந்தது அன்றைக்குத்தான். முன்பெல்லாம் வண்டியை நிறுத்திச் சலாம் சொன்னவர்கள் இப்போது ஹாரன் அடித்து ஒதுங்கச் சொல்கிறார்கள். மனிதர் என்ன செய்வார்? "ஆகட்டும், பாப்போம்" என்றார். மூக்கு போன பிறகு மூக்குக்காகக் கிடைத்த பதவி அது.

வேலை ஒன்றும் சிரமமாக இல்லை. குழு தன்னை அறியாமலே அவருக்கு ஒரு வழி செய்து வைத்திருந்தது. "புழு தின்னாத இலையை மனுசன் தின்னலாமா?" என்று களத்து வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். ஓட்டை இருந்தால் நஞ்சில்லை, ஓட்டை இல்லாவிட்டால் சந்தேகம். உறுப்பினர்கள் ஓட்டைகளைப் போட்டோ எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். பல் டாக்டர் ஒருவர் கொண்டுவந்த கீரையில் தண்டைத் தவிர வேறெதுவும் மிச்சமில்லை. அதற்குத்தான் அந்த வாரம் அதிகக் கைத்தட்டல். உமர் பாருக் கீரைக்கட்டை மூக்கருகே தூக்குவார், கண்ணை மூடுவார், மூடுவதற்கு முன் ஓட்டைகளைப் பார்த்துக்கொள்வார். "சுத்தம்" என்பார். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை நெற்றியைச் சுருக்கி ஏதாவது ஒரு பாகற்காயைத் தள்ளி வைப்பார். எல்லாவற்றையும் சுத்தம் என்றால் யார் நம்புவார்கள்?

வீட்டில் ரஹ்மத் மட்டும் விடவில்லை. "வெந்தயம் கருகுனது தெரியாத மூக்க வச்சுக்கிட்டு ஊருக்குத் தீர்ப்புச் சொல்றீகளே, அல்லாவுக்குப் பயமில்லையா?"

"யாருக்கு என்ன கெட்டுப்போச்சு? எல்லாரும் பென்சன்காரவுக. பொழுதுபோக்குக்கு வெதைக்கிறாக" என்றார் உமர் பாருக். அப்போது அது உண்மையாகத்தான் இருந்தது.

குழுவுக்கு மூன்று வயதானபோது பஞ்சம்மாள் வந்தாள்.

பக்கத்து ஊரான கோம்பைக்காரி. பத்து சென்ட் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துச் சிறுகீரையும் தண்டங்கீரையும் போட்டிருந்தாள். குழுவில் பயிர் வைத்துப் பிழைக்கிற ஒரே ஆள் அவள்தான். முன்பு திராட்சைத் தோட்டங்களில் கூலிக்குப் போனவள். புருசன் மருந்தடிக்கிற வேலை, இவள் விசைத்தெளிப்பானுக்குத் தண்ணீர் சுமக்கிற வேலை. இருமி இருமியே அவன் போய்ச் சேர்ந்தான். தன் கையால் இனிமேல் மருந்து தொடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தவள், இந்தக் குழு பிறப்பதற்குப் பத்து வருசம் முன்பே அதைச் செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு மட்டும் டீ சர்ட் கொடுக்கவில்லை. அளவு தீர்ந்துவிட்டதாம்.

அவளுடைய கீரையில் ஓட்டை கிடையாது. வெயில் ஏறுமுன் பாத்தியில் குத்தவைத்து, இலை இலையாகப் புரட்டி, புழுவைக் கையால் பொறுக்கிக் கொட்டாங்கச்சியில் போடுவாள். பிறகு அடுப்புச் சாம்பலைத் தூவுவாள். தினமும் இரண்டு மணி நேரம் அதற்கே போகும். ஊரில் தலைச்சுமையாகத் தெருத்தெருவாக விற்றால் பேரம் பேசியே கொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமைக் களத்தில் நிழலில் உட்கார்ந்து, சொன்ன விலைக்கு விற்று, பதினொரு மணிக்குக் கூடையைக் கவிழ்த்துவிட்டுப் போகலாம். அவளுடைய மகள் தேவயானியின் நர்சிங் படிப்பு அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கூட்டம் அவளிடம்தான் மொய்த்தது. குருசாமியின் சல்லடைக் கீரை அப்படியே வாடிக் கிடந்தது. நாலாவது வாரம் தலைவர் உமர் பாருக்கின் காதருகே வந்தார். "பாய், அந்தக் கீரைய நல்லா மோந்து பாருங்க. ஒரு புழுகூடத் தொடலேன்னா எப்படி? நம்ம குழுப் பேரு கெட்டுறக் கூடாது."

உமர் பாருக் கீரைக்கட்டை எடுத்தார். கண்ணை மூடுமுன் பார்த்தார். ஓர் ஓட்டை இல்லை. முகர்ந்தார். வழக்கம்போல ஒன்றுமில்லை. இத்தனை வருசம் மருந்து விற்ற அறிவு, இவ்வளவு பளபளப்பான கீரை மருந்தில்லாமல் வராது என்று சொல்லியது. குழுவே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"லேசா வாடை இருக்கு" என்றார்.

பஞ்சம்மாள் சண்டை போடுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் ஒரு கட்டை எடுத்துத் தானும் முகர்ந்து பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியல. ஆனா பாய் சொன்னா சரியாத்தேன் இருக்கும்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அவளுடைய இடத்தில் மறுவாரம் பல் டாக்டர் உட்கார்ந்தார். உமர் பாருக்குக்கு அன்று இரவு மட்டுமல்ல, அடுத்து வந்த பல நாட்களும் சோறு இறங்கவில்லை. சோற்றுக்குத்தான் ஏற்கெனவே வாசனை இல்லையே என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து, சென்னையிலிருந்து ஓர் அமைப்பு குழுவைப் பார்க்க வருகிறது என்று தகவல் வந்தது. வீடியோ எடுப்பார்களாம். குருசாமிக்குத் தலைகால் புரியவில்லை. அவருடைய கத்தரிச்செடியில் தண்டுப்புழு விழுந்து காயெல்லாம் கோணலும் சொத்தையுமாக இருந்தது. சாதாரண நாளில் அது பெருமை. ஆனால் கேமரா முன் சொத்தைக் கத்தரிக்காயைக் காட்ட அவருக்கே மனம் வரவில்லை. என்ன செய்தாரோ, வருகிற அன்று அவருடைய கத்தரிக்காய் மினுமினுவென்று வந்து இறங்கியது.

இன்னொரு குறையும் இருந்தது. குழுவில் விவசாயி மாதிரி இருக்கும் முகம் ஒன்றுகூட இல்லை. பல் டாக்டரை முண்டாசு கட்டிப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. ஆகவே பஞ்சம்மாளுக்கு ஆள் அனுப்பினார்கள். கூடையோடு வந்து நின்றால் போதும், மறுபடி இடம் தருவதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம் என்றார்கள். அவள் வந்தாள். தலைவரின் கத்தரிக்காயை நிறைத்து அவள் இடுப்பில் கூடையை ஏற்றினார்கள்.

கேமரா ஓடியது. "இவுகதான் எங்க நடமாடும் ஆய்வுக்கூடம்" என்று குருசாமி அறிமுகப்படுத்த, உமர் பாருக் கூடையிலிருந்து ஒரு காயை எடுத்தார். கண்ணை மூடி நன்றாக இழுத்தார். "சுத்தம். பச்சப்புள்ளைக்குக் குடுக்கலாம்" என்றார்.

 எல்லாரும் கை தட்டினார்கள். தட்ட இரண்டு கையும் வேண்டியிருந்ததால், மருந்து நெடிக்கு மூக்கைப் பொத்தியிருந்த பச்சைத் துண்டு நழுவியது, உடனே எடுத்து வைத்துக்கொண்டார்கள். களத்துக் கோடியில் படுத்திருந்த நாய்கூட எழுந்து போய்விட்டது. மூக்குள்ள அத்தனை பேரும், மூக்கில்லாத ஒருவர் சொன்னதற்குத் தலையாட்டிக்கொண்டு நின்றார்கள்.

பஞ்சம்மாள் மட்டும் கூடையைக் கீழே இறக்கினாள். "பாய், இன்னொருக்கா மோந்து பாருங்க" என்றாள். குரலில் கேலி இல்லை.

அவர் இன்னொரு காயை எடுத்து முகர்ந்தார். ஒன்றுமில்லை. துண்டு மூடிய முகங்களை அப்போதுதான் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"மூக்கு போயிருச்சா பாய்?"

"மைக்கை ஆஃப் பண்ணுங்க" என்றார் குருசாமி.

"போயிருச்சு ஆத்தா" என்றார் உமர் பாருக். சொன்னதும் நாலு வருசம் சுமந்த மூட்டையை இறக்கியது போல இருந்தது. "கொரோனாவுல போனது. இந்தக் குழு வர்றதுக்கு முன்னாடியே போயிருச்சு."

"அப்ப எங் கீரையில வாடை இருக்குன்னு எத வச்சுச் சொன்னீக?"

"ஓட்டை இல்லேன்னு."

அவள் திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "எங்க மொதலாளி குடுத்துவிட்ட திராட்சையத் தூக்கிட்டு ஒங்க கடைக்கு எத்தனை தடவ வந்திருப்பேன். நீங்க சொன்னது தப்புனதே இல்ல. அதேன், பக்கத்துத் தோட்டத்து மருந்து காத்துல வந்து எங் கீரையில படிஞ்சிருச்சோன்னு நெனச்சேன். அன்னைக்கே போயி மூணு பாத்தியையும் வேரோட புடுங்கிப் போட்டேன். எம் புருசனைக் கொண்டுபோன விசத்தை அடுத்தவன் புள்ளைக்கு விக்கவா? வெதை வாங்கி வச்சிருக்கேன். போடப் பயமா இருக்கு. அந்த மண்ணு சும்மாத்தேன் கெடக்கு."

உமர் பாருக்குக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டம், கேமரா எதையும் அவர் பார்க்கவில்லை.

"வெதையைப் போடு ஆத்தா. ஓம் மண்ணுல ஒரு குத்தமும் இல்ல. ஓங் கீரை சுத்தம். நான் சொல்றேன்."

பஞ்சம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அத எப்படிப் பாய் நீங்க சொல்லுவீக?" என்று கேட்டாள்.