சிரிப்பு நாடகத்துக்கு இரவல் மெட்டு

தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியை என்றால் நாடகம் போடுவதும், திரை தைப்பதும், பிள்ளைகளுக்கு மீசை ஒட்டுவதும் அந்த வேலைக்குள்ளேயே அடக்கம். இதில் மாட்டிக்கொண்ட சக ஆசிரியைகளே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

மெட்டுத் தேடல்

எஹலியகொடைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் எனக்குக் கடைசி வருடம். ஆங்கில தினத்துக்கு, கல்லூரியில் படித்த இசைநாடகம் ஒன்றைப் போட ஆசைப்பட்டேன். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன் சிரிப்பு நாடகம். ஒளிந்து காதலிக்கும் பெண், அவளைக் கட்டத் துடிக்கும் கிழ மாப்பிள்ளை. எழுதியவர் ஒரு மெட்டும் சொந்தமாகப் போடவில்லை. தெருவில் கேட்ட பாட்டுகளை எடுத்துப் புது வார்த்தைகளை ஏற்றிவிட்டார். அந்த மெட்டுகள் எங்களுக்குத் தெரியாது. இங்கே கிடைப்பதை எடுத்துக்கொண்டோம். காதலுக்குத் தாலாட்டு, சண்டைக்குக் காமன் கூத்து, கல்யாணத்துக்குக் கைதட்டி ஆடும் பைலா. ஒத்திகை பார்த்த பள்ளிக்கூட அதிபர் கேட்டார்: "வார்த்தை வெள்ளக்காரனோடது, மெட்டு நம்ம சனத்தோடது. அப்ப உங்களோடது என்னங்க டீச்சர்?"

செல்லம்மா

கிழ மாப்பிள்ளை தன் பொய்முடி தொலைந்துபோய் அழும் பாட்டுக்கு மட்டும் மெட்டு அமையவில்லை. ரப்பர் பால் வெட்டப் போகும் செல்லம்மா, மாணிக்கக்கல் தோண்டும் குழி சரிந்து இறந்த தன் மகனுக்குச் சொல்லிய ஒப்பாரியை நான் கேட்டிருந்தேன். வரி மேலே மேலே ஏறும். உச்சியில் மூச்சு முறிந்து சரியும். அந்தச் சரிவு எனக்கு வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்துப் பாட்டுக்கு அந்த மெட்டு வேண்டும் என்றேன். என்ன பாட்டு என்று சொல்லவில்லை. பால் வாளியை இறக்கிவைத்து, என் போனுக்கு முன்னால் நின்று முழுவதும் பாடினாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எடுத்துக்கங்க டீச்சர். எம் மகன் படிச்ச பள்ளிக்கூடந்தானே, அவன நெனச்சு புள்ளைங்க பாடட்டும்."

பொய்முடி

இரத்தினபுரியில் நடந்த ஆங்கில தினப் போட்டியில் எங்களுக்கு முதலிடம். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு கிழவன் தவழ்ந்து தவழ்ந்து பாடியபோது மண்டபம் குலுங்கியது. அந்த மிதப்பில் தோட்டத்துக் கோயில் திருவிழாவிலும் போட்டோம். செல்லம்மா முன்வரிசையில் இருந்தாள். பாட்டின் முதல் வரி முடியுமுன் எழுந்து, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, சிரிக்கிற கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். நான் பார்த்தேன். என் பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டார்: "அந்தப் பாட்ட இன்னொருக்கா பாடச் சொல்லுங்க டீச்சர்!"

திவசம்

பாடச் சொன்னேன்.

அவள் மகனின் திவசத்தன்று, மன்னிப்புக் கேட்க அவள் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் போனேன். மகனின் படத்துக்கு மாலை போட்டுவிட்டு அவள் ஒப்பாரியைத் தொடங்கினாள். வாசலில் நின்ற பிள்ளைகள் தங்கள் தலையைத் தடவிக் காட்டிச் சிரித்தார்கள். பெரியவர்கள் அவர்களை அதட்டினார்கள். ஆனால் அதட்டியவர்களும் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் நின்றார்கள். செல்லம்மா இரண்டாம் வரியில் நிறுத்திவிட்டாள். வேறென்ன செய்வதென்று தெரியாமல் போனை எடுத்து, அவள் அன்று பாடியது பத்திரமாக இருக்கிறது என்றேன். அவள் கோபப்படவில்லை. "அத வச்சு என்னா டீச்சர் செய்ய? இப்ப அந்த ராகத்த எடுத்தா எம் மகன் மொகம் வரமாட்டேங்குது, அந்தக் கெழவன் மொட்டத்தலதான் வருது."

இரவல் மெட்டுகளைப் பற்றிக் கல்லூரிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி நல்ல புள்ளி வாங்கியவள் நான். அவற்றை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று மட்டும் அந்தத் தாளில் கேட்கவேயில்லை.