பாதிப்படியில் ஒரு நிபுணர்

பெருநகரம் ஒன்றுக்குச் சுற்றுலாப் பயணிகளை இழுப்பது எப்படி என்று அறிக்கை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருந்தது. மாதிரி பார்க்கச் செஞ்சிக்குப் போய் ராஜகிரிக் கோட்டைமலை ஏறினேன். இறங்கும்போது பாதிப்படியில் முழங்கால்கள் வேலைநிறுத்தம் செய்தன. மேலே குரங்குகள், கீழே செங்குத்துப் படிகள், நடுவில் நிபுணர்.

கோட்டைக் காவலர் ஏறி வந்தார். காக்கிச் சட்டை, வெறுங்கால். மலையேறும் ஒவ்வொருவருக்கும் ஒரு கூழாங்கல்லைத் தன் பையில் போட்டுக்கொள்வார். இறங்கியதும் ஒன்றை எறிவார். பை காலியானால்தான் வீட்டுக்குப் போவார்.

“நீங்க ஒருத்தர்தான் சார் பாக்கி. எங்கூரு அனந்தபுரம் பஸ்ஸப் புடிக்கணும். எம்பொண்ண இன்னிக்குப் பொண்ணு பாக்க வராங்க.”

“நீங்க போங்க, நான் மெல்ல வரேன்.”

“உங்கள வுட்டுட்டா? இன்னா சார் பேசற!”

தோள் கொடுத்தார். குற்ற உணர்ச்சியில் அறிக்கையைப் பற்றி உளறினேன்.

“ஆள வர வெக்கிறது பெரிசில்ல சார். வந்தவன் நல்லபடியா வூடு போய்ச் சேரணும். அதான் ஊருக்குப் பேரு.”

நாங்கள் இறங்குவதற்குள் பஸ் போய்விட்டது. வந்த ஒரே ஆட்டோவிலும் தான் ஏறாமல், எதிர்த்திசையில் இருந்த விடுதிக்கு என்னைத்தான் ஏற்றி அனுப்பினார்.

இவரைப் போல ஒருவரை அந்த நகரத்திலும் நியமிக்கலாம் என்று எழுதத் தொடங்கி, அடித்துவிட்டேன். அப்படி நியமிக்கப்படுபவர் வீட்டுக்கும் ஒருநாள் பெண் பார்க்க வருவார்கள்; அன்றைக்கும் என்னைப் போல ஒருவன் எங்காவது உட்கார்ந்திருப்பான்.