ஒரு மரக்கால் வீடு

எங்கள் வீட்டில் நெல் அளக்க இரண்டு மரக்கால்கள் இருந்தன, கணக்கில் இரண்டும் ஒரே அளவுதான். வயலைக் குத்தகைக்கு எடுத்த பாட்டக்காரர்கள் பாட்ட நெல்லைக் கொண்டுவந்தால் அப்பா பெரிய மரக்காலை எடுப்பார். அறுப்புக்காரர்களுக்குக் கூலியாகக் கொத்து நெல் அளக்கும்போது சின்னது வெளியே வரும். எங்கள் ஊரான கொட்டாரத்தில் வயல் வைத்திருந்த வீடுகளில் எல்லாம் இதுதான் வழக்கம். வலது காலுக்கு ஒரு செருப்பு, இடது காலுக்கு ஒரு செருப்பு என்பது போலத்தான் நான் அதை நினைத்திருந்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். ஞாயிறு தவறாமல் வேதக்கோயிலுக்குப் போகிறவர், காணிக்கை போடுவதில் கை சுருங்காதவர். மரக்கால் விஷயத்தில் மட்டும் அவர் மனசாட்சி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

அதை எழுப்பிவிட வந்தவர் ஒரு பத்திரிகைக்காரர். திருவிதாங்கூர் எல்லைக்குக் கிழக்கே ஏதோ ஓர் ஊரில் இருந்துகொண்டு வாரப் பத்திரிகை நடத்தினார். உழுகிறவன் ஏன் பட்டினி கிடக்கிறான், வயலுக்குச் சொந்தக்காரன் என்றால் என்ன அர்த்தம் என்றெல்லாம் எழுதுவார். அவ்வப்போது கோட்டாறு பக்கம் வந்து கூட்டத்தில் பேசுவார். அவர் பேச்சைக் கேட்டுவிட்டு வரும் பையன்கள் வீட்டில் சும்மா இருப்பதில்லை என்று ஊர்ப் பெரியவர்கள் புலம்பினார்கள். எங்கள் வீட்டில் அப்படிச் சும்மா இராமல் போனவர் சித்தப்பா.

சித்தப்பா அப்பாவின் தம்பி. அப்பாவின் செலவில் நாகர்கோவிலில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தார். விடுமுறைக்கு வந்தால் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவார். அவர் அந்தப் பக்கம் போனதும் அம்மா அதை மறுபடி கழுவுவாள். ஒருநாள் வண்டிக்காரரைத் ‘தோழர்’ என்று கூப்பிட்டார். வண்டிக்காரர் தன்னை வேலையை விட்டு நிறுத்துகிறார்கள் என்று பயந்துபோய் அம்மாவிடம் வந்து நின்றார். எனக்குச் சித்தப்பா என்றால் உயிர். என்னைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு வரப்பில் ஓடுகிற ஒரே ஆள் அவர்தான்.

அந்தப் பத்திரிகையை வாராவாரம் கோட்டாற்றிலிருந்து வீட்டுக்கு அவரே கொண்டுவருவார், அல்லது யாரிடமாவது கொடுத்தனுப்புவார். அப்பா அதைத் தொடமாட்டார். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. கோயில் பாட்டெல்லாம் காதால் கேட்டே மனப்பாடம் செய்தவள். அதனால் அது என் தலையில் விழுந்தது. சாயங்காலம் அடுப்படியில் அம்மா மீன் கழுவும்போது நான் எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படிக்க வேண்டும். பாதி வார்த்தைகள் எனக்குப் புரியாது. வாய் வலிக்கும். முடித்துவிட்டோம் என்று நிமிர்ந்தால், “திரும்பப் படி மக்கா” என்பாள். தப்பாகப் படித்துவிட்டேன் போலிருக்கிறது என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். சில நாள் கண்ணில் தண்ணீரே வந்துவிடும்.

அந்த வருஷம் முதல் போகமான கன்னிப்பூ அறுப்புக்குக் கொஞ்சம் முன்னால் கோட்டாற்றில் ஒரு கூட்டம். பத்திரிகைக்காரர் பேச்சின் நடுவில் நிறுத்தி, வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் ஒரே மரக்கால் வைத்திருக்கிற வீட்டுக்காரர்கள் கை தூக்குங்கள் என்றாராம். ஒரே ஒரு கை உயர்ந்தது. சித்தப்பாவின் கை. ஆவேசத்தில் தூக்கியிருக்க வேண்டும். தூக்கிய பிறகு இறக்குவது எப்படி? பத்திரிகைக்காரருக்கு ஒரே சந்தோஷம். எந்த ஊர் என்று கேட்டு, அறுப்பு சமயத்தில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரப் பத்திரிகையில் அந்தப் பேச்சு முழுதாக வந்தது. அதையும் நான்தான் படித்தேன், ஒரு தடவை அல்ல.

விஷயம் அப்பாவின் காதுக்கு எட்டாமல் இருக்குமா? அவர் கத்தவில்லை. “வரட்டும். சின்னதுலதான் அளப்பேன். அந்த மனுஷன் கண்ணால பாத்துட்டுப் போகட்டும், எனக்க தம்பி எவ்வளவு பெரிய புளுகன்னு” என்றார். சித்தப்பாவுக்கு முகம் செத்துப்போயிற்று. ரெண்டு நாள் என்னைத் தோளில் தூக்கவே இல்லை.

அறுப்பு வந்தது. சூடடித்து, தூற்றி, வீட்டை ஒட்டிய களத்தில் நெல் பொன்னாகக் குவிந்துவிட்டது. வெயில் சாய்ந்த நேரம், அறுப்புக்காரப் பெண்கள் பெட்டிகளோடு கொத்துக்குக் காத்து நின்றார்கள். அப்பா அறைக்குள் போனவர் வெறுங்கையோடு வெளியே வந்தார். சின்ன மரக்கால் வைத்த இடத்தில் இல்லை.

“ஏலே, நீ எடுத்தியா?”

“நான் எடுக்கல்ல அண்ணே. சத்தியமா எடுக்கல்ல.”

“பின்ன அதுக்குக் காலா முளச்சுது? மரியாதையா கொண்டு வை. இல்லேன்னா இப்பவே பெட்டியக் கெட்டு. காலேஜும் வேண்டாம், இந்த வீடும் வேண்டாம்.”

அப்பா சொன்னால் சொன்னதுதான். வீடு முழுக்க ஓடித் தேடினேன். கட்டிலுக்கு அடியில், குதிருக்குப் பின்னால், மாட்டுத் தொழுவத்தில். விறகுப் புரையில் அடைக்கோழி உட்கார்ந்திருந்த ஓலைப்பெட்டிவரை போய்விட்டேன். “ஏட்டி, கோழிய எழுப்பாத! முட்ட கூமுட்டையாப் போயிரும்” என்று அம்மா அதட்டினாள். அழுதுகொண்டே களத்துக்குத் திரும்பினேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் தெருவில் வில்வண்டி வந்து நின்றது. இறங்கியவரைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஊரையே கலக்குகிற மனிதர் என்றால் ஆறடி உயரமாவது இருக்க வேண்டாமா? ஒல்லியாக, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, இருமிக்கொண்டே வந்தார். அம்மா கொடுத்த சுக்குவெந்நீரை வாங்கிக்கொண்டு களத்தின் ஓரத்தில் ஒரு வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்தார். பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை.

அம்மா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அப்பாவிடம் சொன்னாள்: “இஞ்ச பாருங்க, அதுவ பசியோட நிக்குதுவ. மழ வேற கருக்குது. இருக்கிறத வச்சு அளந்து விடுங்க.”

வேறு வழியில்லை. அப்பா பெரிய மரக்காலை எடுத்துவந்து முதல் பெட்டியில் அளந்து போட்டார். பெட்டி வழக்கத்தைவிட நிறைந்தது. பெட்டிக்காரி அறுப்புக்காரர்களுக்கெல்லாம் மூத்தவள். நெல்லைப் பார்த்தாள், மரக்காலைப் பார்த்தாள். சந்தோஷத்தைவிடப் பயம்தான் அவள் முகத்தில் இருந்தது. பிறகு கணக்குப் பார்த்துத் திருப்பிக் கேட்பார்களோ என்னவோ.

“அய்யா, மரக்கால் மாறிப்போச்சே?”

பத்திரிகைக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த மனிதர் முன்னால் சித்தப்பாவின் மானம் போய்விடும், அதற்குப் பிறகு பெட்டியைக் கட்ட அப்பா சொல்லவேண்டிய அவசியம்கூட இருக்காது. அப்பா தம்பியைப் பார்த்தார். வெளியூர்க்காரர் ஒருவர் முன்னால் தலை குனிந்து நிற்கிற தம்பியை.

“எங்க வீட்டுல ஒரு மரக்கால்தான் உண்டு” என்றார். “பெட்டிய நகத்து. அடுத்த ஆளு வரட்டும்.”

எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அழுத அழுகை பாதியில் சிரிப்பாக மாறி விக்கல் வந்துவிட்டது. சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மழை பெய்யவில்லை. பத்திரிகைக்காரர் எங்கள் வீட்டில் மீன்குழம்பு ஊற்றி இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார், அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வண்டியேறிப் போனார். பிறகு பத்திரிகையில் அப்பாவை ‘நாஞ்சில் நாட்டின் நியாயவான்’ என்று எழுதிவிட்டார். அதுவரை தொடாத பத்திரிகையை அப்பா வாசல் வெளிச்சத்தில் வைத்துத் தானே படித்ததைப் பார்த்தேன். நியாயவான் ஆன பிறகு அதிலிருந்து இறங்குவது கஷ்டம். அடுத்த அறுப்புக்கும் பெரிய மரக்கால்தான் வந்தது. சித்தப்பா காலேஜை முடித்தார். மரக்காலை அவர்தான் ஒளித்தார் என்று அப்பாவும், மனம் மாறிய அப்பாவே ஒளித்தார் என்று சித்தப்பாவும் கடைசிவரை நம்பினார்கள்.

அந்தக் கொத்து அளந்து சில நாள் கழித்து, முட்டை பொரிந்த அன்று அம்மா கோழியையும் குஞ்சுகளையும் முற்றத்தில் விட்டாள். பழைய ஓலைப்பெட்டியைக் கவிழ்த்து வைக்கோலை உதறினாள். அடியிலிருந்து சின்ன மரக்கால் உருண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அதில் தவிட்டைக் கொட்டிக் குஞ்சுகளுக்கு முன்னால் வைத்துவிட்டாள்.

“ஏட்டி, நின்னுட்டு என்ன பாக்க? போயிப் பத்திரிகைய எடுத்துட்டு வா.”

எடுத்துவந்து படித்தேன். முடித்ததும் வழக்கம்போலத் திரும்பப் படிக்கச் சொன்னாள். இவ்வளவு நாள் படித்தும் எனக்கு இன்னும் எழுத்து ஒழுங்காகக் கூடவில்லையே என்று அன்றும் நான் வருத்தப்பட்டுக்கொண்டேதான் மறுபடி தொடங்கினேன்.